இருக்கலாம், ஆனால் வேலை செய்யலாமா?

இரண்டு வருடம் முன்பு, நவம்பரில் ஒரு மதியம், ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தம்பி என் ஆபீசுக்கு வந்தான். அஸ்தம்பட்டியில் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் என்னுடையது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஜவ்வரிசி வியாபாரிகள், மளிகைக் கடைக்காரர்கள் இவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். மலையிலிருந்து வரும் பஸ் இந்த வழியாகத்தான் ஊருக்குள் போகும் என்பதால் ஏற்காட்டுக்காரர்களும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதுண்டு. மேலே நல்ல மழை போலிருக்கிறது. அவன் ஜெர்கின் தோள்பக்கம் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காராமல் போனை நீட்டினான்.

"அக்கா, விசா வந்துருச்சுங்க. நீங்க சிங்கப்பூர்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க. ஒரு தடவ படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஐடிஐயில் வெல்டர் முடித்தவன். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறான். அம்மா காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறார். சிங்கப்பூரில் கட்டுமானக் கம்பெனியில் வேலை, மாதம் எழுபதாயிரம் என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அம்மாவின் செயினை அடகு வைத்து எண்பதாயிரம் கட்டியாகிவிட்டது. டிக்கெட் கைக்கு வரும்போது இன்னும் ஒரு லட்சத்து இருபதாயிரம் தர வேண்டும்.

போனில் இருந்தது ஒரே ஒரு பக்கம். பெயர் சரி, பாஸ்போர்ட் நம்பர் சரி, பிறந்த தேதி சரி. நடுவில், கண்ணை உறுத்தாத அளவுக்குச் சின்ன எழுத்தில், வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'சோசியல் விசிட்' என்று இருந்தது. விரலால் பெரிதாக்கி அந்த இரண்டு வார்த்தையைக் காட்டினேன்.

"தம்பி, இது சுத்திப் பாக்கப் போற விசா. வேலைக்கு இல்ல."

அவன் முகம் மாறவில்லை. "தெரியுங்க்கா. போய் எறங்குனதும் பர்மிட்டா மாத்திருவாங்களாம்."

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'விசா' என்று ஒரே வார்த்தைதான். விசா கிடைத்துவிட்டது என்றால் ஸ்வீட் வாங்கி வருகிறார்கள். எந்த விசா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஒரு நாட்டுக்குள் நுழைய விடுவது வேறு, அங்கே தங்க விடுவது வேறு, அங்கே சம்பாதிக்க விடுவது வேறு. சில சமயம் மூன்றும் ஒரே காகிதத்தில் வரும், பல சமயம் வராது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வருடம் வாழ்ந்து தெரிந்துகொண்டேன்.

2015-இல் கல்யாணம் முடிந்து சிங்கப்பூர் போனேன். கணவருக்கு நெட்வொர்க் வேலை, எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது அதிகச் சம்பள வேலைக்கான அனுமதி. அங்கிருக்கும் நம் ஆட்கள் அதை 'இ பாஸ்' என்பார்கள். அதற்குக் கீழே எஸ் பாஸ், அதற்கும் கீழே வொர்க் பர்மிட். கட்டடம், கப்பல் பட்டறை வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் பர்மிட்காரர்கள். பர்மிட்டில் வந்தவர் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வந்து குடும்பம் நடத்த முடியாது. இ பாஸ், எஸ் பாஸ் ஆட்களுக்கும் மாதச் சம்பளம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் குடும்பத்துக்கு டிபெண்டன்ட் பாஸ் கிடைக்கும். நான் போனபோது அந்த அளவு குறைவாக இருந்தது. 2018-லிருந்து அது 6,000 சிங்கப்பூர் டாலர். ஒரே விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்த இரண்டு பேரில் ஒருவர் குடும்பத்தோடு இருப்பார், இன்னொருவர் பத்து வருடம் தன் பிள்ளையை வீடியோ காலில் பார்த்து வளர்ப்பார். எல்லாம் அந்தக் கார்டில் இருக்கும் ஒரு வார்த்தையால்.

எனக்கு வந்தது டிபெண்டன்ட் பாஸ். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, கிரெடிட் கார்டு அளவில் ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் என் பெயர், ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி ஏழு இலக்கத்துக்குப் பின் இன்னோர் எழுத்தில் முடியும் எஃப்ஐஎன் என்ற வெளிநாட்டவர் அடையாள எண். பேங்க், ஆஸ்பத்திரி, லைப்ரரி, போன் சிம் என்று எங்கே போனாலும் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள். பி.காம். முடித்துச் சேலத்தில் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தக் கார்டில் என் படிப்புக்கோ வேலைக்கோ இடமில்லை. இன்னாரைச் சார்ந்தவள் என்று மட்டும் இருந்தது. நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். தேக்காவில் காய்கறி வாங்கப் போகும்போது தமிழில் எழுதியிருக்கும் பலகைகளைப் பார்க்க ஆறுதலாக இருக்கும். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஊர் என் மொழியில் பேசியது, எனக்கு அங்கே வேலை செய்யத்தான் அனுமதியில்லை.

அப்புறம் ஒரு சரக்குப் போக்குவரத்து ஆபீசில் கணக்கு வேலை கிடைத்தது. முதலாளி அறுபது வயதுச் சீனர், அதிகம் பேசாதவர். அந்தக் காலத்தில் டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி விண்ணப்பித்தால் 'லெட்டர் ஆஃப் கன்சென்ட்' என்று ஒரு அனுமதிக் கடிதம் வரும். எல்ஓசி என்போம். சம்பள வரம்பு கிடையாது, இத்தனை பேர்தான் என்ற கோட்டா கிடையாது, வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி கிடையாது. எனக்கும் வந்தது. ஏ4 தாளில் அச்செடுத்த ஒரு கடிதம், அவ்வளவுதான். கம்பெனி பெயர், என் பெயர், எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் மார்க்‌ஷீட்டுகளோடு வைத்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு வாட்ச் அனுப்பினேன். அதன் டயலில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்ததை அவர் சிவதாபுரத்தில் பட்டறைப் பட்டறையாகக் காட்டியிருக்கிறார்.

2019-இல் மகள் பிறந்தாள். அங்கே பிறந்ததால் அவள் அந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிடவில்லை. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவர்தான். பிறப்புச் சான்றிதழ் வாங்கி, இந்திய ஹைகமிஷனில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். கண்ணைத் திறக்காத குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்துப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தது இன்றும் நினைவிருக்கிறது. மூன்று தடவை கண்ணை மூடிக்கொண்டாள், நான்காவது தடவை விழித்துப் பார்த்தாள். பாஸ்போர்ட் வந்த பிறகு அவளுக்கும் ஒரு டிபெண்டன்ட் பாஸ். தான் பிறந்த ஊரில் இருப்பதற்கு ஒரு கைக்குழந்தைக்கு அனுமதி வாங்கினோம்.

2021 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. மே 1-லிருந்து டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் வேலை செய்ய வேண்டும் என்றால் எல்ஓசி போதாது. இ பாஸ், எஸ் பாஸ், பர்மிட் இவற்றில் ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஏற்கனவே எல்ஓசி இருப்பவர்கள் அது முடியும் வரை வேலை செய்யலாம். என்னுடையது நவம்பரில் முடிவதாக இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். இ பாஸுக்கு அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 4,500 டாலர். எனக்கு 2,900. எஸ் பாஸுக்குச் சம்பளம் போதும், ஆனால் அதற்குக் கோட்டா உண்டு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் எஸ் பாஸில் இருக்கலாம். அந்த வருடம் ஜனவரியில்தான் 13 சதவீதத்திலிருந்து 10-க்கு இறக்கியிருந்தார்கள். எங்கள் ஆபீசில் என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். ஏற்கனவே ஒருவர் எஸ் பாஸ். முதலாளி கால்குலேட்டரில் 12-ஐப் பத்து சதவீதத்தால் பெருக்கி, திருப்பி என் பக்கம் வைத்தார். 1.2 என்று காட்டியது. அந்தப் புள்ளி இரண்டில் ஒரு ஆள் நிற்க முடியாது. இருவருமே கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அந்த நாட்டின் மேல் கோபம் இல்லை. கொரோனாவில் அவர்கள் ஆட்களுக்கே வேலை போய்க்கொண்டிருந்த நேரம், எந்த நாடும் முதலில் தன் வீட்டைத்தான் பார்க்கும். ஆனால் அன்றைக்கு ராத்திரி பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. என் வேலை அந்தத் தாளில் தொங்கியது. அந்தத் தாள் என் டிபெண்டன்ட் பாஸில் தொங்கியது. அது கணவருடைய இ பாஸில், அந்த இ பாஸ் அவருடைய கம்பெனியில். என் அப்பா கொலுசுக்குக் கண்ணி கோப்பவர். ஒரு கண்ணியில் பற்றவைப்பு விட்டால் முழுக் கொலுசும் கையோடு வந்துவிடும் என்பார். ஆறு வருடமும் நான் அந்தக் கடைசிக் கண்ணியில்தான் நின்றிருக்கிறேன், அது தெரியாமல் உறுதியான தரை என்று நினைத்திருக்கிறேன்.

2022-இல் ஊருக்கு வந்துவிட்டோம். கணவருக்கு 2023-லிருந்து இ பாஸுக்குப் புள்ளிக் கணக்கு வரப்போகிறது என்ற யோசனையும் இருந்தது. சம்பளம், படிப்பு, கம்பெனியில் எந்தெந்த நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று பல வகையில் கூட்டி 40 புள்ளி வர வேண்டும். அதைப் பற்றி விரிவாக எழுத இங்கே வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு இந்த விஷயம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். என் பெரியம்மா மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் கணவருக்கு ப்ளூ கார்டு, படித்தவர்களுக்கான வேலை அனுமதி. மனைவி என்று போன அவளுடைய கார்டிலேயே 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாப்ட்' என்று அச்சடித்திருந்தது, அதாவது பிழைப்புக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. போன மறுநாளே வேலை தேடலாம். மொழிதான் தடை, சட்டம் இல்லை. அமெரிக்காவில் எச்1பி வேலை விசாக்காரரின் மனைவி என்று எச்4 விசாவில் போனவருக்குத் தானாக அந்த உரிமை வருவதில்லை. கணவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் தனியே வேலை அனுமதி கேட்கலாம் என்பது 2015-இல் வந்த விதி. சேலத்திலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, டிகிரிப் படிப்பென்றால், காலேஜ் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. "பார்ட் டைம் பார்த்து ஃபீஸைக் கட்டிக்கலாம்" என்று சொல்லிக் கடன் வாங்க வைக்கிறவர்கள் இந்த மணிக்கணக்கைச் சொல்வதில்லை. பிள்ளையை அனுப்புகிற அப்பா அம்மா ஒரு பேப்பரில் மணியையும் கூலியையும் பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வளைகுடா இன்னொரு கதை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் குவைத்தில் டிரைவராக இருந்தார். அங்கே தனியார் கம்பெனி வேலைக்கு 18-ஆம் நம்பர் விசா, வீட்டு வேலைக்கு 20-ஆம் நம்பர். காதிம் விசா என்பார்கள். இவருடையது 20. வீட்டுக் காரை ஓட்டப் போனவரை, முதலாளி தன் சொந்தக்காரருடைய கடை வேனை ஓட்டச் சொல்லியிருக்கிறார். சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்று ஓட்டினார். ஒருநாள் சோதனையில் பிடித்தார்கள். வேன் ஓட்டத் தெரிந்த ஆள்தான், லைசென்ஸும் இருந்தது, குடியிருக்கும் அனுமதியும் இருந்தது. ஆனால் அந்த வேலைக்கான அனுமதி இல்லை. கைரேகை எடுத்து, போட்டிருந்த துணியோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லும்போது கடைசியில் ஒன்று கேட்டார்: "நான் திருடலயேம்மா, ஓட்டுனேன், அவ்ளோதான?" அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, நாகலூர்த் தம்பிக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் பர்மிட் வேலை என்றால், கிளம்புவதற்கு முன்னாலேயே 'ஐபிஏ' வந்துவிட வேண்டும். கொள்கையளவில் அனுமதி என்ற கடிதம். அதை முதலாளி நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். நம் ஆட்களுக்குத் தமிழிலும் வரும். அதில் இருக்கும் எண்களை வைத்து மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அது உண்மையா என்று பார்த்துவிடலாம், காசு ஒன்றும் கிடையாது. இன்னொன்று, கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் ஸ்கில் டெஸ்ட் அடிக்க வேண்டும், அதாவது கைத்தொழில் தேர்வில் தேற வேண்டும். அந்த டெஸ்ட் மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. தம்பியிடம் ஐபிஏ இல்லை. "டெஸ்ட் எல்லாம் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

அவன் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், எல்லாரும் இப்படித்தான் போறாங்க." உங்கள் ரெக்ரூட்டிங் லைசென்ஸ் நம்பர் என்ன, மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்க வேண்டும் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். எங்கள் ஊரில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று எண்ணி வைக்கிற அத்தனை பேரும் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு நகை வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தமிழ்நாடு அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. அதையும் அவனுக்குச் சொன்னேன். கேள்விப்பட்டதே இல்லை என்றான்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "எங்க ஊர்ல ரெண்டு பேர் இப்படிப் போயிருக்காங்களேக்கா" என்றான். போயிருப்பார்கள். விசிட்டில் போய் இறங்கி, மறைந்து வேலை பார்த்து, பிடிபடாமல் திரும்பிய ஒருவரை ஊருக்கே தெரியும். பிடிபட்டவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினேன். முழுவதும் படித்தான். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பாஸ்போர்ட் எங்க இருக்கு?" என்றேன்.

"அவருகிட்டத்தாங்க."

முதலில் அதை வாங்கு, காசு அப்புறம் என்றேன். மறுநாள் அவனும் அவன் மாமாவும் போய், போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறோம் என்று நின்ற பிறகு பாஸ்போர்ட் வந்தது. காசில் ஐம்பதாயிரம் இரண்டு தவணையாக வந்தது. முப்பதாயிரம் இன்றுவரை வரவில்லை. அம்மாவின் செயினை மீட்க அந்த சீசன் முழுக்கக் காபிப் பழம் பறித்த கூலி போனது. சீசன் முடிந்ததும் ஒருநாள் அந்த அம்மாவே இறங்கி வந்து, ஒரு மஞ்சப்பையில் மிளகு கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தில் செயின் இருந்தது.

தம்பி அதோடு விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. திருச்சிப் பக்கம் ஒரு மையத்தில் சேர்ந்து, வெல்டிங் படித்தவன் கம்பி கட்டப் பழகினான். முதல் தடவை டெஸ்டில் போய்விட்டது. இரண்டாம் தடவை அடித்துவிட்டான்.

போன மாதம் மறுபடி வந்தான். இந்தத் தடவை போனை நீட்டவில்லை, கலர் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். ஐபிஏ. இணையதளத்தில் எண்களைப் போட்டேன், உண்மையான கடிதம்தான். தமிழ்ப் பக்கத்தை அவனையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அடிப்படைச் சம்பளம் 650 டாலர். எழுபதாயிரம் என்று அந்த ஆள் சொன்னதற்கு இது வெகு தூரம், நம் காசுக்கு நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான் வரும், ஓவர்டைம் செய்தால் கூடும். அவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுத்த வரியில் விரலை வைத்தான்.

"பிடித்தம்னு நூத்தி இருபது போட்டிருக்குங்களேக்கா, அது எதுக்குங்க?"

"தெரியல தம்பி. கம்பெனிக்குப் போட்டுக் கேப்போம்" என்று போனை எடுத்தேன்.